18,000 என்று பேசிய வேலை 46,000 ஆனால்?

திருச்சியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், தெரு, அடையாளம் எல்லாவற்றையும் நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

கீழ்வீட்டில் அவர் இருக்கிறார். மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறார். மாடி பாத்ரூமுக்கு நேர் கீழே அவருடைய படுக்கையறை. அந்தக் கூரையில் ஓதம் அடித்து, சுண்ணாம்பு உதிர ஆரம்பித்ததும், பக்கத்து வீட்டில் வேலை பார்த்த ஒருவரைக் கூப்பிட்டிருக்கிறார். பிளம்பிங், டைல்ஸ், பூச்சு, சின்னச் சின்ன கரண்ட் வேலை என எல்லாம் செய்பவர். வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "சாமானோட 18,000 ஆகும்மா, நாலு நாள் வேலை" என்று சொல்லி 10,000 அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார். தரையை உடைத்த பிறகு, பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் துருப்பிடித்துப் போயிருக்கிறது, மாற்றியே ஆக வேண்டும் என்றாராம். "இன்னும் கொஞ்சம் செலவாகும்மா" என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வந்திருக்கிறது. அம்மாவும் "சரி, பாத்து செய்யுங்க" என்று பதில் அனுப்பியிருக்கிறார். அவரும் ஒரு கையாளும் ஏழு நாள் வேலை பார்த்தார்கள். முடிவில் கேட்டது 46,000. அம்மா மூன்று தவணையாகக் கொடுத்தது 31,000. வேலை முடிந்து இருபது நாள் ஆகியும் கூரை ஈரமாகவே இருக்கிறது. மீதி 15,000 கேட்டு அவர் போன் செய்கிறார். அவருடைய டைல்ஸ் கட்டரையும் டிரில்லிங் மெஷினையும் அம்மா ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டிவிட்டார்.

கேள்விகள்: நியாயமான கூலி எவ்வளவு? போலீஸில் சொல்லிப் பணத்தைத் திரும்ப வாங்க முடியுமா? கையில் பில் இல்லாததால் நுகர்வோர் வழக்குக்கு வழியில்லை என்று தம்பி சொல்வது சரியா? செலவில் பாதியை மாடியில் குடியிருப்பவர்களிடம் கேட்கலாமா?

அம்மா, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் மற்ற எதற்கும் முன்பாக, அந்த ஸ்டோர் ரூமைத் திறங்கள்.

மெஷினைப் பிடித்து வைக்கலாமா?

கூடாது. ரிப்பேருக்குக் கொடுத்த மிக்ஸியைக் கூலி தரும்வரை கடைக்காரர் வைத்துக்கொள்ளலாம். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆவது பிரிவு அந்த உரிமையை அவருக்குத் தருகிறது, ஏனென்றால் அந்தப் பொருளின்மேல்தான் அவர் உழைத்திருக்கிறார். வேலை கொடுத்தவருக்கு வேலைக்காரரின் கருவியைப் பிடித்துவைக்கும் உரிமை எந்தப் பிரிவிலும் இல்லை. இப்போது அவர் காவல் நிலையத்துக்குப் போனால், புகார்தாரர் அவர், பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். மெஷின் இல்லாமல் அவருக்கு ஒவ்வொரு நாளும் வேலை போகிறது என்பது இன்னொன்று. அந்த இழப்பையும் உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார். சாட்சிக்கு ஒருவரை வைத்துக்கொண்டு கொடுத்துவிடுங்கள். "இன்ன மெஷின்களை இன்ன தேதியில் நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குங்கள்.

46,000 நியாயமா?

நான் வக்கீல், இன்ஜினீயர் இல்லை. ஆனால் இத்தகைய வழக்குகளில் முதலில் செய்வது இந்தக் கணக்கைத்தான். உங்கள் பகுதியில் கொத்தனாருக்கு 1,100, கையாளுக்கு 800 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இருவருக்கும் ஏழு நாளுக்கு 13,300. நீங்கள் படமெடுத்து அனுப்பிய கடைச் சீட்டுகளைக் கூட்டினால் பைப், ஃபிட்டிங், சிமெண்ட், மணல், வாட்டர் புரூஃப் கெமிக்கல், டைல்ஸ் எல்லாமாக 13,700. ரப்பீஸ் (உடைத்த கழிவு) அள்ளிய வண்டிக்கு 1,500. மொத்தம் 28,500. சாமான் வாங்க அலைந்ததற்கும், பொறுப்பெடுத்துச் செய்ததற்கும் 15 சதவீதம் சேர்த்தால் சுமார் 32,800 வருகிறது. நீங்கள் கொடுத்திருப்பது 31,000.

ஆக, 46,000 கூடுதல்தான். ஆனால் 18,000 அதைவிடப் பெரிய தப்பு. தரையை உடைக்காமல், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல், வேலையைப் பிடிப்பதற்காகச் சொன்ன தொகை அது. நீங்கள் அதையே நியாய விலையாக மனசில் வைத்துக்கொண்டு மீதி 28,000-த்தை ஏமாற்று என்று எண்ணுகிறீர்கள். வேலை ஒழுங்காக முடிந்து கூரை காய்ந்திருந்தால், நீங்கள் இதுவரை கொடுத்தது ஏறக்குறைய சரியான தொகை என்றே சொல்லியிருப்பேன்.

கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வருத்தம் எழுதியிருக்கிறீர்கள்: சுவிட்ச் மாற்ற வந்த எலக்ட்ரீஷியன் பத்து நிமிட வேலைக்கு 400 ரூபாய் வாங்கினார் என்று. அந்தப் பத்து நிமிடத்துக்காக அவர் வண்டியில் வந்து, சாமான் கடைக்குப் போய்த் திரும்பி, மணிக்கணக்கில் நேரத்தை இழக்கிறார். ஒரு நாளில் இப்படி மூன்று வீடு கிடைத்தால் அவருக்கு அதிர்ஷ்டம். சின்ன வேலைக்கு ஆள் கூப்பிட்டால் வந்து போகும் கூலிதான் பெரிசாக இருக்கும். அதனால் ஒழுகும் குழாய், ஆடும் கைப்பிடி, எரியாத லைட் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்து ஒரே நாளில் பார்க்கச் சொன்னால்தான் கட்டுப்படியாகும். என் வீட்டில் அந்தத் தாள் ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது.

ஆப் மூலம் கூப்பிட்டிருக்கலாமே என்று உங்கள் மகன் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. அதில் கூலி முன்கூட்டியே தெரியும், ரசீது தானாக வரும். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அவர்களுடைய குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆனால் தரையை உடைத்தபின் உள்ளே துருப்பிடித்த பைப் இருந்தால், ஆப்பில் வந்தவரும் தனித் தொகைதான் சொல்லுவார்.

அந்த ஒரு "சரி"

உங்கள் "சரி, பாத்து செய்யுங்க" வழக்கில் முக்கியமான சாட்சி. எழுத்தில் ஒப்பந்தம் இல்லை, அதனால் எதுவும் செல்லாது என்று நினைக்காதீர்கள். வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான். அந்த "சரி" மூலம் கூடுதல் வேலைக்குச் சம்மதித்துவிட்டீர்கள். இதை மறுத்தால் உங்கள் மற்ற பேச்சும் எடுபடாது. ஆனால் 46,000 என்ற தொகைக்குச் சம்மதிக்கவில்லை, ஏனென்றால் அந்தத் தொகை அப்போது உங்களிடம் சொல்லப்படவே இல்லை. தொகை பேசாமல் செய்த வேலைக்குச் சட்டம் தருவது நியாயமான கூலி. இனாமாகச் செய்யாத வேலையின் பலனை அனுபவித்தவர் ஈடு தர வேண்டும் என்கிறது அதே ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆவது பிரிவு. மேலே நான் போட்ட கணக்கு அதற்காகத்தான்.

பில் வேண்டுமென்றால் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்துத் தர வேண்டும் என்றாராம். ஜிஎஸ்டி பதிவு எண் இருந்தால்தான் அந்த வரியை வாங்க முடியும். சேவை செய்கிறவருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவே கட்டாயம். பதிவில்லாதவர் வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டு ரசீது தரலாம், அதற்கு வரி கிடையாது.

உண்மையில் எங்கே தவறினார்?

பணத்தைவிட இதுதான் உங்கள் வழக்கின் உயிர். கெமிக்கல் பூசிய மறுநாளே டைல்ஸ் ஒட்டிவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். பாத்ரூம் தளத்தில் பூச்சு முடிந்து காய்ந்ததும், தண்ணீர் வெளியேறும் நானி டிராப்பை அடைத்து, தண்ணீர் கட்டி, குறைந்தது 24 மணி நேரம் நிறுத்திப் பார்க்க வேண்டும். கீழே கசியவில்லை என்று தெரிந்த பிறகே டைல்ஸ். இது பெரிய கட்டடங்களுக்கு மட்டும் உரிய வழக்கம் இல்லை, தொழில் தெரிந்த எந்தக் கொத்தனாரும் செய்வது. உங்கள் வீட்டில் அது நடக்கவில்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். மாடியில் இருப்பவர்கள் ஊருக்குப் போன நாலு நாள் ஈரம் கூடவில்லை என்கிறீர்கள். தண்ணீர் வரும் பைப்பில் ஓட்டை இருந்தால், டேங்கில் தண்ணீர் இருக்கும்வரை, யாரும் குளிக்காவிட்டாலும் கசிந்துகொண்டே இருக்கும். குளிக்கும்போது மட்டும் கசிந்தால் சந்தேகம் தரைமேலும் நானி டிராப் இணைப்புமேலும்தான் போகும். ஜிஐ பைப்பை மாற்றியது தேவையான வேலையாகவே இருந்திருக்கலாம், ஆனால் உங்கள் படுக்கையறைக் கூரைக்கு அது மருந்தாக இருந்ததா என்பது கேள்வி.

கூடவே ஓர் எச்சரிக்கை. கூரையில் ஊறிய பழைய ஈரம் ஒரு வாரத்தில் காய்ந்துவிடாது. காங்கிரீட்டுக்குள் இறங்கிய தண்ணீர் வெளியேற வாரக்கணக்கில் ஆகும். இருபது நாளில் ஈரம் தெரிகிறது என்பதை மட்டும் வைத்து வேலை தோல்வி என்று எழுதிக் கொடுத்தால், எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். ஈரத்தின் ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். பிறகு நானி டிராப்பை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். கோட்டைத் தாண்டி ஈரம் பரவினால் படமெடுங்கள். அக்கம்பக்கத்தில் சிவில் இன்ஜினீயர் யாராவது இருந்தால், பார்வையிட்டு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். அதற்கு ஆகும் சில ஆயிரம் வீண்செலவு இல்லை.

போலீஸா, நுகர்வோர் ஆணையமா?

போலீஸ் வேண்டாம். மோசடி வழக்குக்கு, முன்பு 420 என்று ஊரே அறிந்த பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318. அதன்படி பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். பின்னால் வேலை கெட்டதும், தொகை ஏறியதும் ஒப்பந்த மீறலே தவிர மோசடி ஆகாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. அட்வான்ஸ் வாங்கிவிட்டு ஆளே வராமல் போனை அணைத்திருந்தால் கதை வேறு. இவர் ஏழு நாள் வந்து உழைத்திருக்கிறார்.

தம்பி சொல்வது தவறு. நுகர்வோர் வழக்குக்குத் தேவை பணம் கொடுத்துச் சேவை பெற்றதற்கான ஆதாரம். பில் அதில் ஒன்று, அவ்வளவுதான். உங்கள் ஜிபே பதிவு, குரல் பதிவு, கடைச் சீட்டு, வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் எல்லாமே ஆதாரம். போனில் இருப்பவற்றை அழித்துவிடாதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். அவற்றைத் தாக்கல் செய்யும்போது புதிய பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவில் சொல்லியபடி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும். ஒரு தவணை அவருடைய மனைவியின் எண்ணுக்குப் போயிருக்கிறது. அந்த எண்ணை அனுப்பச் சொன்ன செய்தியையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒரு நுணுக்கம் உண்டு. எஜமானர், வேலைக்காரர் உறவில் செய்யும் பணியைச் சட்டம் "சேவை" என்று கணக்கில் எடுப்பதில்லை. நோயாளிக்கும் மருத்துவருக்கும் உள்ள உறவு அப்படிப்பட்டதில்லை என்று 1995-இல் வி.பி.சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியபோது இந்த வேறுபாட்டைத் தெளிவாக்கியது. நாள் கூலிக்கு ஆள் வைத்து, "இதை உடை, அதைப் பூசு" என்று நீங்களே நின்று வேலை வாங்கியிருந்தால் எதிர்த்தரப்பு இந்த வாதத்தை எடுக்கும். உங்கள் விஷயத்தில் சாமானோடு மொத்தமாகப் பேசி, எப்படிச் செய்வது என்பதை அவர் பொறுப்பில் விட்டிருக்கிறீர்கள். அது சேவைதான்.

திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நீங்களே மனு கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் இல்லை. வக்கீலும் கட்டாயமில்லை (வக்கீலான நானே சொல்கிறேன்). ஆன்லைனில் இ-ஜாக்ரிதி தளம் இருக்கிறது. குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஆணையத்தின் உத்தரவை மதிக்காவிட்டால் ஒரு மாதத்திலிருந்து மூன்று ஆண்டுவரை சிறை, அல்லது 25,000 முதல் ஒரு லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 2019 சட்டத்தின் 72-ஆவது பிரிவு சொல்கிறது.

இருந்தாலும் நான் உங்களை அங்கே முதலில் அனுப்ப மாட்டேன். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் இழுக்கும். அதற்குள் இன்னொரு மழைக்காலம் வந்துவிடும். தினக்கூலியில் வாழும் ஒருவரிடமிருந்து உத்தரவு வாங்குவது எளிது, பணம் வாங்குவது அவ்வளவு எளிதில்லை. நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. ஓய்வூதியம் வாங்குகிறேனே என்று தயங்க வேண்டாம். வழக்குக்கு முந்தைய மனு கொடுத்தால் அவரையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவார்கள். லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) சமரசமானால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது.

மாடிக் குடித்தனக்காரர்கள்

பாதிச் செலவை அவர்களிடம் கேட்க முடியாது. தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டம், யார் எதைப் பழுது பார்க்க வேண்டும் என்று அட்டவணையே போட்டிருக்கிறது. பைப் மாற்றுவது, கட்டடத்தின் பழுது, வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், வாஷ்பேசின், சுவிட்ச், பூட்டு, அடைத்துக்கொண்ட சாக்கடை போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. வேறு விதமாக எழுதி ஒப்பந்தம் போட்டிருந்தால் அதைப் பார்க்க வேண்டும். அவர்களுடைய அட்வான்ஸில் கைவைக்காதீர்கள்.

கடைசிப் பக்கத்து ஓரத்தில் எழுதியது

"செப்டிக் டேங்க் நிறைந்ததால்கூட ஓதம் வரலாம், 2,000 கொடுத்தால் நானே இறங்கிப் பார்க்கிறேன் என்கிறார், விடலாமா?" என்று சின்ன எழுத்தில் கேட்டிருக்கிறீர்கள். விடக்கூடாது அம்மா. படுக்கையறைக் கூரையின் ஈரத்துக்கும் தரைக்கடியில் உள்ள டேங்குக்கும் சம்பந்தமில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஒருவரைச் செப்டிக் டேங்கில் இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது இரண்டு லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டும். அவரே ஆசைப்பட்டு இறங்கினார் என்பது பதிலாகாது. உள்ளே இருக்கும் விஷவாயு ஆளைச் சில நொடிகளில் சாய்த்துவிடும். டேங்கைச் சுத்தம் செய்ய வேண்டுமென்றால் 14420-க்கு போன் செய்து உரிமம் பெற்ற லாரியை வரவழையுங்கள்.

இப்போது என்ன செய்யலாம்?

மெஷினைக் கொடுத்தபின், தண்ணீர் நிறுத்திப் பார்த்ததில் கசிந்தால், அந்தப் படங்களோடு அவருக்கு வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்புங்கள். திட்டாமல், மிரட்டாமல்:

"நீங்கள் செய்த வேலைக்கு இதுவரை 31,000 கொடுத்திருக்கிறேன். தண்ணீர் நிறுத்திப் பார்த்ததில் இன்னும் கசிகிறது, படம் அனுப்பியிருக்கிறேன். 15 நாளுக்குள் வந்து, நானி டிராப்பையும் தரையையும் சரிசெய்து, 24 மணி நேரம் தண்ணீர் நிறுத்திக் காட்டுங்கள். இதற்கு வேண்டிய சாமானை நானே வாங்கித் தருகிறேன், சீட்டு என்னிடம் இருக்கும். கசிவு நின்றால், ஒரு மழை பார்த்துவிட்டு 5,000 தருகிறேன். அத்துடன் நம் கணக்கு முடிந்தது. வராவிட்டால் வேறு ஆளை வைத்துச் சரிசெய்து, அந்தச் செலவை உங்களிடம் கேட்க வேண்டியிருக்கும்."

5,000 ஏன் என்று கேட்பீர்கள். கணக்குப்படி அவருக்கு இன்னும் 1,800 வர வேண்டியிருக்கிறது. மீதி, அவர் திரும்பி வருவதற்கான கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள். புது ஆள் வந்து மறுபடி டைல்ஸை உடைத்தால் இதைப்போல் பல மடங்கு ஆகும். அவர் வந்தால் இந்த முறை பூச்சு காயும்வரை டைல்ஸ் பெட்டியை உங்கள் ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டிக்கொள்ளுங்கள். அது உங்கள் பொருள், தாராளமாகப் பூட்டலாம். பதினாறாம் நாளும் பதில் வராவிட்டால், அந்தச் செய்தியை அச்செடுத்துக்கொண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள்.